காமாலையும் பித்தநாள அடைப்பும்

 

காமாலை கண்டவுடன் கீழாநெல்லியைத் தேடுதல் நம்மவர் வழக்கம். காமாலை யாவும் ஒரே காரணத்தால் வருவன அல்ல. பித்தநாளத்தைக் கல் அடைப்பினும் கண் மஞ்சளிக்கும். இதனை விளக்கவே நாம் இன்று பேச முற்பட்டோம்.

அடைப்பை ஸ்கேன் படங்களால் அறிந்தபின், எண்டோஸ்கோப் என்னும் வளையுங்குழாயை வாய்வழியே முன்சிறுகுடலளவும் செலுத்துவர். நாளத்தின் வாயை மின்கம்பியாற் சிறிது கீறிக் கல்லை வெளிப்படுத்துவர். வயிற்றைக் கிழித்தல் வேண்டா. ஜப்பானியரும் ஜெர்மானியரும் 1974ஆம் ஆண்டில் தனித்தனியே வெளியிட்ட முறை இது. புற்றால் நாளம் குறுகின், உள்ளே சிறுகுழல் வைத்துப் பித்தநீர்க்கு வழி செய்வர். எனினும் சிலர்க்குக் கணைய அழற்சி நேர்வதுண்டு. ஆதலின் தேர்ந்த மருத்துவரையே நாடுக.

மஞ்சளுடன் குளிர்சுரமும் வலப்புற மேல்வயிற்று வலியும் கூடின், அன்றே மருத்துவமனை சேர்தல் வேண்டும். மூலிகையை நம்பி நாட்கடத்தல் உயிரையே பணயம் வைத்தலாகும்.