புதிய ஊர்தியும் தமிழ் வலவனும்



தேர் செலுத்தியவனை வலவன் என்றும் பாகன் என்றும் சங்கச் சான்றோர் வழங்கினர். வினை முடித்து மீளும் தலைவன் தன் உள்ளத்து விரைவை வாய்விட்டுச் சொல்வது, முல்லைப் பாட்டுகளில், பெரும்பாலும் அவ்வலவனிடத்திலேயே. குதிரையின் இயல்பும் தேரின் இயல்பும் வழியின் இயல்பும் அறிந்தவன் என்னும் மதிப்பே அவனுக்கு அவ்வுரிமையைத் தந்தது. அவன் வழியில் வந்த இற்றைத் தமிழ் ஓட்டுநரோ, புதிய மகிழுந்தில் அமரும்போது, தம் வீட்டிலேயே விருந்தினர்போல் கூசி அமர்கின்றார். அக்கூச்சம் எங்கிருந்து வந்தது? அதனை நீக்கும் வழி யாது? இவ்விரண்டுமே இவ்வுரையின் பொருள்.

2014 வரை ஆக்கப்பெற்ற அம்பாசடர் வண்டியில் பழகிய ஓட்டுநரை எண்ணிப் பாருங்கள். பொறியின் ஒலி மாறினால் குறை எங்கே என்று அவர் காது சொல்லும். தடை தேய்ந்தால் அவர் கால் சொல்லும். எண்ணெய் எரிந்தால் அவர் மூக்குச் சொல்லும். எந்தக் கல்லூரியிலும் படியாமல், பணிமனைத் தரையிலும் நெடுஞ்சாலை இரவுகளிலும் அவர் பெற்ற அறிவு அது. அவ்வறிவை இழிவென்று கருதுவார் அறிவின் இயல்பு அறியாதாரே.

இடையில் ஊர்தி மாறிற்று. உருளி பூட்டிக்கொள்ளாமல் காக்கும் தடையமைப்பு 2019 ஏப்பிரல் முதல் இந்தியாவில் விற்கும் புதிய மகிழுந்துகளுக்குக் கட்டாயமாயிற்று. அவ்வாண்டு சூலை முதல் ஓட்டுநர்க்குக் காற்றுப்பையும், பின்செல்லும்போது தடங்கல் உணர்த்தும் உணரியும், மணிக்கு 80 கிலோமீட்டரைக் கடந்தால் ஒலிக்கும் விரைவு மணியும், இருக்கைவார் அணியாவிடில் ஒலிக்கும் மணியும் கட்டாயமாயின. 2022 சனவரி முதல் ஓட்டுநர் அருகில் அமர்வார்க்கும் காற்றுப்பை கட்டாயமாயிற்று. திறவுகோல் துளை மறைந்து அழுத்தான் வந்தது. கைத்தடைக் கோல் மறைந்து விரலளவு பொத்தான் வந்தது. திருகுகளும் குமிழ்களும் மறைந்து திரை வந்தது. இவையெல்லாம் உயிர் காக்கவும் உழைப்புக் குறைக்கவும் வந்தவை. ஆயினும் அறியாதவன் கையில் காப்பும் ஏதமாகும்.

ஒரு சான்று காண்க. மழையில் நனைந்த சாலையில் தடைமிதியை ஒரேயடியாய் அழுத்தினால் உருளி பூட்டிக்கொள்ளும், வண்டி வழுக்கும், திசைமாற்றியைத் திருப்பினாலும் திரும்பாது. ஆதலால், விட்டு விட்டு மிதி என்று பழைய ஆசான்மார் கற்பித்தனர். அக்காலத்து ஊர்திக்கு அது செவ்வையான பாடம். புதிய அமைப்பில் ஒவ்வோர் உருளியின் சுழற்சியையும் உணரி அளந்துகொண்டே இருக்கும். உருளி பூட்டிக்கொள்ளும் நிலை நெருங்கினால், அமைப்பே தடையை நொடிக்குப் பன்முறை தளர்த்தி இறுக்கும். அப்போது காலடியில் மிதி துடிக்கும். கரகரவென்று ஒலியும் எழும். முன்பின் அறியாத ஓட்டுநர், தடை உடைந்ததென்று அஞ்சிக் காலை எடுத்துவிடுகின்றார். எந்த நொடியில் அழுத்திப் பிடிக்க வேண்டுமோ அந்த நொடியிலேயே விட்டுவிடுகின்றார். அவர் செய்ய வேண்டுவது இரண்டே: விடாது மிதித்தல், தடங்கலை விலகித் திருப்புதல். இவ்வமைப்பின் தலையாய பயன் வண்டியைக் குறுகிய தொலைவில் நிறுத்துதலன்று. நிற்கும்வரை திருப்பும் ஆற்றலைக் காத்தலே. உதிர்ந்த சரளையில் நிற்கும் தொலைவு கூடவும் கூடும். இந்த நான்கு வரியைத் தமிழில் சொல்லியிருந்தால் அவர் கால் நடுங்கியிராது. அவருக்குத் தரப்பட்டதோ ஏ.பி.எசு. என்னும் மூன்றெழுத்து.

காற்றுப்பையும் அத்தகையதே. மோதிய பின் ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்கு அளவிலேயே அது விரிந்துவிடும். இருக்கைவார் உடலைப் பிடித்து நிறுத்த, பை தலையையும் மார்பையும் தாங்கும். வார் அணியாதவன் முன்னே எறியப்பட்டு, விரிந்துகொண்டிருக்கும் பையின்மேல் விழுகின்றான்; தாங்க வந்ததே தாக்குகின்றது. பின்னோக்கி அமரும் குழந்தை இருக்கையை இயங்கும் காற்றுப்பையின் முன் ஒருகாலும் வைத்தலாகாது. பை இருக்க வார் எதற்கு என்று கேட்பாரிடம், பை துணையே, வாரே முதல் என்று சொல்ல ஆளில்லை.

அகநானூற்று நான்காம் பாட்டில், தாதுண்ணும் வண்டினம் வெருளாதிருக்கத் தேர்மணியின் நாவைக் கட்டி வரும் தலைவன் காட்டப்படுகின்றான். பிறவுயிர்க்கு இரங்கி ஒலியடக்கியது அவன் பண்பு. இன்றோ, தம் உயிர் காக்க ஒலிக்கும் மணியின் நாவையே வெறுங்கொளுவி ஒன்றைச் செருகிக் கட்டிவிடுகின்றனர். அவ்வெறுங்கொளுவிகளை விற்ற ஐந்து இணையவழி வணிக நிறுவனங்கள் மீது 2023-இல் நடுவண் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆணை பிறப்பிக்க வேண்டியதாயிற்று. ஆணை விற்பனையை நிறுத்தும். கையை நிறுத்துவது அறிவு ஒன்றே.

இனி, ஓட்டுநர் முன்னுள்ள விளக்குகளைக் காண்க. அவற்றின் நிறத்திலேயே ஒரு முறைமை உண்டு. சிவப்பு, உடனே நிறுத்து என்பது. மஞ்சள், விரைந்து கவனி என்பது. பச்சையும் நீலமும் இன்னது இயங்குகின்றது என்று தெரிவிப்பன. எண்ணெய்க் கிண்டியின் வடிவில் சிவப்பு விளக்கு எரிந்தால் பொறியின் எண்ணெய் அழுத்தம் வீழ்ந்தது என்று பொருள். இன்னும் சிறிது தொலைவுதானே என்று ஓட்டினால் பொறியே பாழாம். குதிரைக் குளம்பு போன்ற வளைவினுள் வியப்புக்குறி தோன்றினால் உருளிப்பட்டையில் காற்றுக் குறைந்தது என்று பொருள். இக்குறிகள் உலகெங்கும் ஒரே தரத்தில் வகுக்கப்பட்டவை. எம்மொழிக்கும் உரியன அல்ல. ஆனால், அவற்றை விளக்கும் கையேடு ஒரு மொழியில் இருந்தே ஆக வேண்டும். அம்மொழி இங்குப் பெரும்பாலும் ஆங்கிலமாகவே உள்ளது. தடித்த அக்கையேடு உறைகூடப் பிரிக்கப்படாமல் முன்பேழையில் உறங்குகின்றது.

தானே பல்லிணை மாற்றும் வண்டியில் இடக்காலுக்கு வேலையில்லை. பற்றுமிதியைத் தேடிப் பழகிய அக்கால் தடைமிதியில் பாய்ந்தால் பின்வருவோன் மோதுவான். எனவே இரு மிதிகளுக்கும் வலக்கால் ஒன்றே. பின்புறப் படக்கருவியின் அகன்ற பார்வையில், அருகில் உள்ளது தொலைவில் உள்ளதுபோல் தோன்றும். திரையை நம்பித் தலையைத் திருப்பாதிருத்தல் தவறு. சாலைக்கோட்டைக் கண்டு வண்டியைத் தடத்தில் நிறுத்தும் அமைப்பு, கோடு அழிந்த சாலையில் குருடே. இவை துணைவர், வலவர் அல்லர். பொறுப்பு என்றும் ஓட்டுநர்க்கே உரியது.

ஆக, தமிழ் ஓட்டுநர்க்குக் குறைந்தது ஆற்றலன்று. அவர் மொழியில் வந்து சேராத அறிவே. இதனினும் நாணத்தக்க செய்தி ஒன்றுண்டு. தனித்தமிழ் இயக்கத்தை 1916-இல் தொடங்கிய மறைமலையடிகள் வாழ்ந்த ஊர் பல்லாவரம். அவ்வூரிலிருந்து தெற்கே செல்லும் நெடுஞ்சாலையில் அவர் பெயர் தாங்கி நிற்பது மறைமலைநகர். போர்டு நிறுவனத்தின் தொழிலகம் அந்நகரில்தான் மகிழுந்துகளை ஆக்கியது. 2022-இல் அவ்வாக்கம் நின்றது. சுற்றிலும் இருங்காட்டுக்கோட்டையும் ஒரகடமும் இன்றும் மகிழுந்துகளை உலகுக்கு அனுப்புகின்றன. திருகாணி முடுக்கும் கை தமிழன் கை. ஓட்டும் கையும் தமிழன் கை. இவ்விரு கைகளுக்கும் இடையே செல்லும் தாள் மட்டும் தமிழில் இல்லை!

பிரேக்கு, கிளட்சு என்று பணிமனையில் வழங்கவில்லையா, இவற்றுக்கும் ஆங்கிலமே போதாதா என்பார் உளர். அச்சொற்களின் பொருளை அவர்கள் கையால் தொட்டு, காலால் மிதித்து அறிந்தனர். சொல் புரியாவிடினும் பொருள் புரிந்தது. புதிய அமைப்போ பெட்டிக்குள் மறைந்து இயங்குவது, தொட்டறிய இயலாதது. அங்குச் சொல்லே முதல் ஆசான். 'பூட்டாத்தடை' என்றவுடன் உருளி பூட்டாது என்பது விளங்கும். 'தடங்காப்பி' என்றவுடன் தடத்தைக் காப்பது விளங்கும். 'காற்றளவு விளக்கு' என்றவுடன் எங்கே பார்க்க வேண்டும் என்பது விளங்கும். தன் தொழிலைத் தானே சொல்லும் சொல் பாதிப் பயிற்சி. சில வண்டிகள் தமிழில் இடும் ஆணையைக் கேட்கத் தொடங்கிவிட்டன. தமிழைக் கேட்க வல்ல பொறி, தமிழில் எச்சரிக்க வல்லதாகாதா?

எனினும், பழியெல்லாம் நிறுவனங்கள் மேலும் அரசின் மேலும் சுமத்தி அமைதல் தனித்தமிழ் அன்பர்க்கு அழகன்று. சொல்லாக்கம் நிகழ்கின்றது, பட்டியல்கள் அச்சேறுகின்றன, அவை ஒருவர்க்கொருவர் பாராட்டிக்கொள்ளும் தாளில் நின்றுவிடுகின்றன. வாடகை வண்டி நிலையத்தில் நிற்கும் ஓட்டுநரிடம் அச்சொல்லைக் கொண்டுசென்று, இது விளங்குகின்றதா என்று கேட்டவர் எத்துணைப் பேர்? அவர்க்கு விளங்காத சொல், எத்துணைத் தூயதாயினும், அவர்க்கு இன்னோர் அயற்சொல்லே.

ஆகவே, செய்ய வேண்டுவன மூன்று. முதலாவது, ஒவ்வோர் ஊரிலும் அன்பர்கள் ஓட்டுநர்களோடும் பணிமனைத் தொழிலாளரோடும் அமர்ந்து, விளக்குகள், தடை, வார், காற்றுப்பை ஆகியன பற்றி எட்டுப் பக்கத்தில் ஒரு சிறு சுவடி ஆக்குதல். அவர்கள் திருத்தும் சொல்லைத் தயங்காது ஏற்றல். இரண்டாவது, பழகுநர் உரிமத் தேர்வைத் தமிழில் எழுத இடமளிக்கும் அரசு, தமிழ்நாட்டில் விற்கும் ஒவ்வோர் ஊர்தியோடும் தமிழ்க் கையேடு தர விதி செய்யுமாறு வலியுறுத்தல். மூன்றாவது, வண்டி வாங்கும் ஒவ்வொரு தமிழரும் திறவுகோலைப் பெறுமுன் தமிழ்க் கையேட்டைக் கேட்டல். இல்லை என்று நூறு பேர்க்குச் சொல்லும் வணிகன் நூற்றோராம் நாள் அச்சிட்டே தீர்வான்.

மொழிக்காப்பு என்பது மேடையில் மட்டும் நிகழ்வதன்று. மழையிரவில், நெடுஞ்சாலையில், காலடியில் தடைமிதி துடிக்கும் அந்த ஒரு நொடியில், அஞ்சாதே, விடாது மிதி என்று ஓட்டுநரின் நெஞ்சுக்குள் ஒரு குரல் ஒலிக்க வேண்டும். அக்குரல் தமிழாய் இருக்கட்டும். அதற்கான பணி இன்றே தொடங்குக!