கட்டற்ற மூலக்கூறுகளும் நம் உடலும்

சன்னல் ஓரத்தில் பல மாதங்களாகக் கிடந்த ஒரு ரப்பர் வளையத்தை எடுத்து இழுத்துப் பாருங்கள். அது நீளாது, வெடித்து அறுந்துவிடும். மூடாமல் வைத்த கடலை எண்ணெயில் நாளடைவில் சிக்கு வாடை வீசுவதையும் நாம் அறிவோம். இரண்டையும் கெடுத்தது எது? நம்மை வாழவைக்கும் அதே பிராணவாயுதான். அது இவ்வேலையைச் செய்வது ‘ஃபிரீ ராடிக்கல்’ எனப்படும் கட்டற்ற மூலக்கூறுகளின் வழியாக. நம் உடலுக்குள்ளும் இதே வேலை ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது.

கட்டற்ற மூலக்கூறு என்றால் என்ன? ஒரு மூலக்கூறில் எலெக்ட்ரான்கள் பொதுவாக இரண்டிரண்டாக இணைந்திருக்கும். ஏதோ ஒரு காரணத்தால் ஒன்று துணையின்றித் தனித்து நின்றுவிட்டால், அந்த மூலக்கூறு அமைதியாக இராது. பக்கத்து மூலக்கூறிலிருந்து ஓர் எலெக்ட்ரானைப் பறித்துக்கொள்ளும். பறிகொடுத்தது அடுத்ததிடம் பறிக்கும். இப்படியே ஒரு சங்கிலி தொடரும். இத்தகைய மூலக்கூறு ஒன்றை 1900ஆம் ஆண்டில் முதன்முதலில் கண்டறிந்தவர் அமெரிக்காவில் பணியாற்றிய மோசஸ் கோம்பர்க் என்ற இரசாயன அறிஞர்.

உணவிலிருந்து சக்தியைப் பெற நம் உயிரணுக்கள் பிராணவாயுவைப் பயன்படுத்தும்போது இவை தோன்றுகின்றன. கடும் வெயிலும் சிகரெட் புகையும் இவற்றைப் பெருக்குகின்றன. அளவு மீறினால் உயிரணுவைச் சுற்றியுள்ள கொழுப்புப் படலமும், புரதங்களும், மரபுப் பொருளான டிஎன்ஏயும் சிதைகின்றன. முதுமைக்கே இச்சிதைவுதான் காரணம் என்று 1956இல் டென்ஹாம் ஹார்மன் ஒரு கருத்தை வெளியிட்டார். முதுமைக்கு வேறு காரணங்களும் உண்டு என்பது இன்று தெளிவாகியிருக்கிறது.

அப்படியானால் இவை முழுக்க முழுக்கப் பகையா? இல்லை. உடலில் புகுந்த கிருமிகளைக் கொல்ல நம் வெள்ளை அணுக்கள் இவற்றையே ஆயுதமாக வீசுகின்றன. இரத்தக் குழாயைத் தளர்த்தி விரியச் செய்யும் நைட்ரிக் ஆக்சைடும் ஒரு கட்டற்ற மூலக்கூறுதான். அதன் பணியைக் கண்டறிந்த மூவருக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆக, வேண்டியது ஒழிப்பு அன்று, கட்டுப்பாடு. அடுப்பில் நெருப்பு இருக்க வேண்டும். அது கூரையில் ஏறக்கூடாது.

அந்தக் கட்டுப்பாட்டை உடலே வைத்திருக்கிறது. இவற்றை அடக்கும் நொதி ஒன்றின் பணியை மெக்கார்ட், ஃபிரிடோவிச் என்ற இருவர் 1969இல் விளக்கினர். உணவிலுள்ள வைட்டமின் சி, வைட்டமின் ஈ போன்றவையும் தம்மிடமிருந்து கொடுத்துச் சங்கிலியை அறுக்கின்றன. இவற்றை ஆன்டி ஆக்சிடன்ட் என்கிறோம். டயர் விரைவில் வெடிக்காதிருக்க ரப்பரில் சேர்க்கும் பொருள்களுக்கும் அதே பெயர்தான்.

இங்கேதான் பலரும் தவறிவிடுகிறார்கள். “காய்கறியில் உள்ளது நல்லதென்றால், அதையே மாத்திரையாக நிறைய விழுங்கலாமே! புகைத்தாலும் அது காப்பாற்றுமே!” என்று எண்ணுகிறார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் இதைச் சோதித்தார்கள். நாள்தோறும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் உண்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 விழுக்காடு கூடியிருந்தது. இம்முடிவு 1994இல் வெளிவந்தது. அமெரிக்காவில் பீட்டா கரோட்டினையும் வைட்டமின் ஏயையும் சேர்த்துக் கொடுத்த மற்றொரு சோதனையில் அந்நோய் 28 விழுக்காடு கூடியதால், அதை 1996 ஜனவரியில் பாதியிலேயே நிறுத்தினார்கள். காக்கும் என்று நம்பிக் கொடுத்ததே கேடாய் முடிந்தது.

நேயர்களே, பொருள் நல்லது என்பதற்காக அளவை மறக்கலாமா? முருங்கைக்கீரையும் பப்பாளியும் கொய்யாவும் தினமும் தட்டில் இருக்கட்டும். அவற்றில் பல சத்துகள் அளவோடு கலந்திருக்கின்றன. மருத்துவர் சொல்லாமல் சத்து மாத்திரைப் புட்டியை வாங்காதீர்கள். புகைப்பவர்களோ, முதலில் சிகரெட்டைக் கீழே போடுங்கள். அந்த நெருப்பை அணைக்காமல், அதன் தீங்கை எந்த மாத்திரையும் அணைக்காது.