சிறு சங்கங்களுக்கு யார் துணை?



நினைவுச் சொற்பொழிவில் மறைந்தவரின் பெருமையைப் பேசிக் கலைவது வழக்கம். நாம் இன்று அவர் உழைத்த களத்தைப் பற்றிப் பேசுவோம். சேரியில் இரவுப் பாடசாலையும் படிப்பகமும் பெண்கள் சங்கமும் நடத்துவோருக்குத் துணை நிற்கும் கூட்டமைப்பு எப்படி இருக்க வேண்டும்?

இது நமக்குப் பழைய கேள்விதான். 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். கோலார் தங்கவயல், பெங்களூர், இரங்கூன் எனத் தமிழ்த் தொழிலாளர் பிழைக்கப் போன இடங்களிலெல்லாம் கிளைகள் எழுந்தன. 1907இல் பிறந்து மறு ஆண்டு 'தமிழன்' எனப் பெயர் மாறிய அவருடைய வார இதழ் அவற்றை இணைத்தது. 1914இல் பண்டிதர் மறைந்தார். 1926 முதல் 'தமிழன்' தங்கவயலிலிருந்து வெளிவந்தது. தலைமையகம் தளர்ந்தபோது கிளை தாங்கியது. 1924இல் பம்பாயில் அம்பேத்கர் நிறுவிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையும் தீர்மானங்களோடு நிற்கவில்லை. மறு ஆண்டே சோலாப்பூரில் மாணவர் விடுதி திறந்தது.

இன்றைய நிலைமைக்கு வருவோம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். சிக்கல் அதற்குப் பிறகுதான். ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்ட வேண்டும். கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் பதிவாளரிடம் தர வேண்டும். பகலில் கூலி வேலை, இரவில் பாடம் என்று ஓடுகிறவருக்கு ஆடிட்டரைத் தேட நேரமேது, பணமேது? நல்ல சங்கங்கள் பல வேலை செய்யாமல் சாகவில்லை, காகிதத்தில் சாகின்றன.

இந்த இடத்தில்தான் கூட்டமைப்பு தேவைப்படுகிறது. துணைவிதி எழுத உதவுவது, ரொக்கப் புத்தகம் எழுதப் பழக்குவது, பத்துச் சங்கங்களுக்கு ஓர் ஆடிட்டரை அமர்த்துவது, கூட்டம் நடத்த இடம் தருவது, அரசாணையைப் படித்துச் சொல்வது, ஆட்சியர் அலுவலகத்துக்குத் தனியாகப் போகிறவருடன் சேர்ந்து போவது. பெரிய பணம் வேண்டாத வேலைகள் இவை.

பணத்தின் வழியும் குறுகிவிட்டது. 2020இல் திருத்தப்பட்ட வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டப்படி, அந்நிய நிதி பெறும் நிறுவனம் அதை வேறொரு அமைப்புக்குப் பகிர்ந்தளிக்க முடியாது. நிர்வாகச் செலவுக்கான வரம்பும் 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைந்தது. பெரிய நிறுவனத்தின் வழியாக உதவி பெற்றுவந்த சிறு குழுவின் மீதுதான் இந்த அடி விழுந்தது. ஆகவே உறுப்பினர் சந்தாவும் ஊர் மக்களின் சிறு தொகையும் மீண்டும் நம் முதலாக வேண்டும்.

அரசை மட்டும் கேட்டால் போதாது, கூட்டமைப்புகளையும் கேட்போம். அறிக்கையின் அட்டையில் சேரிப் பெண்ணின் படம் இருக்கிறது. நிர்வாகக் குழுவில் அவருக்கு நாற்காலி இருக்கிறதா? கணக்கு அவர் படிக்கும் தமிழில் இருக்கிறதா? பிடிக்காவிட்டால் வெளியேற அவருடைய சங்கத்துக்கு உரிமை இருக்கிறதா? இம்மூன்றுக்கும் 'ஆம்' என்று சொல்ல முடியாத கூட்டமைப்பு, துணை என்ற பெயரில் வந்த இன்னொரு பண்ணையார்தான்.

மாணவத் தோழர்களே, சட்டம் படிப்பவர் ஒரு சங்கத்தின் துணைவிதியைக் கையில் எடுங்கள். வணிகவியல் படிப்பவர் அதன் ஓராண்டுக் கணக்கை எழுதிக் கொடுங்கள். நாம் செலுத்தும் அஞ்சலி அதுவாக இருக்கட்டும்.

ஜெய்பீம்.