ஒரு சாண் நீளத்தில் ஒரு பிட்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஏதாவது டெக்னிக்கலா பேசுப்பா, ஆனா யாரும் தூங்கிடக் கூடாது" என்று சங்கச் செயலாளர் அண்ணன் கட்டளை. பாயசத்தோடு சாப்பாடு போட்டுவிட்டு இப்படிச் சொன்னால் எப்படி? அதனால் பாதி டெக்னிக்கல், பாதி என் சொந்தக் கதை.

நம் டிஜிட்டல் லேபில் 5 வோல்ட் வந்தால் 1, இல்லாவிட்டால் 0. பிரெட்போர்டில் ஒயரைக் குத்தினால் எல்.இ.டி. எரியும். வினாடிக்குச் சில லட்சம் பிட் போகிற வரைக்கும் இந்த உலகம் செல்லும். எழுபது கோடி பிட் அனுப்பவேண்டும் என்றால் செல்லாது. அவ்வளவு வேகத்தில் 5 வோல்ட் ஏறி இறங்க நேரம் கிடையாது. பக்கத்துக் கம்பியின் இரைச்சல் வேறு.

இதற்குக் கண்டுபிடித்த வழிதான் எல்.வி.டி.எஸ். 1995-ல் டி.ஐ.ஏ./இ.ஐ.ஏ. 644 என்ற தரமாக வந்தது. ஒரு சிக்னலுக்கு இரண்டு கம்பி. ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். வாங்குகிற சிப் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான் பார்க்கும். நம்ம ஊர் டவுன் பஸ்ஸில் அண்ணனும் தம்பியும் நிற்கிறார்கள் என்று வையுங்கள். பள்ளத்தில் பஸ் விழுந்தால் ரெண்டு பேரும் சேர்ந்தே குலுங்குவாங்க. ஆனா அண்ணன் தம்பியைவிட நாலு அங்குலம் உயரம் என்பது மாறாது. இரைச்சலும் இரண்டு கம்பியிலும் ஒன்றாக ஏறுவதால் கழித்தலில் அடிபட்டுப் போகிறது.

அனுப்பும் முனையில் ஏறத்தாழ 3.5 மில்லி ஆம்பியர் மின்னோட்டம். வாங்கும் முனையில் இரண்டு கம்பிக்கும் குறுக்கே 100 ஓம் ரெசிஸ்டர். பெருக்கிப் பாருங்கள், 350 மில்லி வோல்ட். இதுதான் முழு ஆட்டமும். அந்த 100 ஓம்தான் வோல்ட்டேஜை உண்டாக்குகிறது. வந்து சேர்ந்த அலை திரும்பி ஓடாமல் விழுங்குவதும் அதுதான். டிரான்ஸ்மிஷன் லைன் பாடத்தை "இது எதுக்கு சார்?" என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். கேட்டதற்கு ஆசிரியர்களிடம் இந்த மேடையிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

எஃப்.பி.ஜி.ஏ. என்ற, நாமே உள்ளுக்குள் சர்க்யூட்டை அமைத்துக்கொள்ளக்கூடிய சிப், 1985-ல் சைலிங்க்ஸின் எக்ஸ்.சி.2064-ஆக வந்தபோது அதில் இருந்தது வெறும் 64 லாஜிக் பிளாக். எல்.வி.டி.எஸ். பின்கள் 1999-ல் விர்டெக்ஸ்-இ வரிசையில் சிப்புக்குள்ளேயே வந்துவிட்டன. பிறகு அந்த 100 ஓமும் உள்ளே வந்தது. வெளியே வைக்க வேண்டாம், டூலில் ஒரு வரி எழுதினால் போதும். இங்கேதான் என் கதை ஆரம்பம்.

சில வருடங்களுக்கு முன், குழாய்களின் வெல்டிங்கைச் சோதிக்கும் அல்ட்ராசானிக் கருவிக்கு ஒரு போர்டு செய்தோம். எட்டுச் சேனல் ஏ.டி.சி., 14 பிட், வினாடிக்கு 5 கோடி சாம்பிள். ஆக ஒரு ஜோடிக் கம்பியில் வினாடிக்கு 70 கோடி பிட். ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் 1.43 நானோ செகண்ட். போர்டில் சிக்னல் ஒரு நானோ செகண்டில் சுமார் 15 சென்டிமீட்டர் போகும். அப்படியென்றால் ஒரு பிட்டின் நீளம் சுமார் 21 சென்டிமீட்டர். கையை விரித்துப் பாருங்கள், ஒரு சாண்!

10 மெகா ஹெர்ட்ஸில் ஓட்டினோம், எல்லாம் சுத்தம். முழு வேகத்தில் குப்பை. சிப்புக்குள் 78 பிக்கோ செகண்ட் படிகளாகச் சிக்னலைத் தாமதப்படுத்தும் வசதி உண்டு. ஒரு பிட்டுக்குள் 18 படி அடங்கும். அதில் சரியாக வந்தது ஒன்றோ இரண்டோ. ஏ.சி. நின்றால் அதுவும் போயிடும்.

லேஅவுட் போட்டது எங்கள் ஜூனியர் பெண், வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். "கம்பிகளின் நீளம் பொருந்தவில்லை" என்று நான் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். பதினோரு நாள் அந்தப் பெண் ஒவ்வொரு ஜோடியாக அளந்தார். அதிகபட்ச வித்தியாசம் அரை மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர் என்றால் மூன்று சொச்சம் பிக்கோ செகண்ட்; 1,430-ல் அது எந்த மூலைக்கு? கணக்கு எனக்கும் தெரியும். இருந்தும் "இன்னொரு தடவை பாரும்மா" என்றேன்.

பன்னிரண்டாம் நாள் ஸ்கோப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "சார், 350 தானே இருக்கணும்? ஏன் ரெண்டு மடங்குக்கு மேல வருது?" முதல் நாளே அதைப் பார்த்துவிட்டு, சிக்னல் நல்ல பலமாக இருக்கு என்று சந்தோஷப்பட்டவன் நான்.

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. ஆறு மாதம் முன்பு, பின் போதவில்லை என்று ஒரு எல்.சி.டி.யின் 3.3 வோல்ட் சிக்னல்களை அதே பேங்கில் கொண்டுபோய் வைத்தேன். அந்தச் சிப்பில் உள் ரெசிஸ்டர் வேலை செய்ய பேங்குக்கு 2.5 வோல்ட் தரவேண்டும். டூல் பிழை காட்டியது. அவசரத்தில் உள் ரெசிஸ்டரை அணைத்தேன், பிழை மறைந்தது. வெளியே ரெசிஸ்டர் வைக்கவேண்டும் என்பது மறந்தே போனது. 100 ஓம் எங்குமே இல்லை! அலை முட்டித் திரும்பி அடுத்த பிட்டின் மேல் விழுந்துகொண்டிருந்தது. மெதுவாக ஓட்டும்போது ஒரு பிட் ஒரு மீட்டர் நீளம். எதிரொலி அடங்க நேரம் இருந்தது.

அன்று மாலை நாலு மணிக்கு ரிவ்யூ. மேலாளர் என்ன நிலவரம் என்று கேட்டார். "லேஅவுட் பார்த்துக்கிட்டிருக்கோம் சார்" என்றேன். அந்தப் பெண் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் போய் உண்மையைச் சொன்னேன். திட்டு பலமாக விழுந்தது. ஆனால் அந்த இரண்டு நாள், அந்த நாலு மணி மௌனம், அதற்கு யாரும் என்னைத் திட்டவில்லை.

புது போர்டு வர ஆறு வாரம் ஆகும், கஸ்டமர் டெமோ பத்து நாளில். சிப்புக்கு நேர் பின்பக்கம், ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் இருந்த வயாக்களின் மேல்பூச்சைச் சுரண்டி, ஒரு மில்லிமீட்டர் நீள ரெசிஸ்டர் பத்தை மைக்ராஸ்கோப்பின் கீழ் கையால் சால்டர் செய்தோம். 18 படியில் 11 சரியாக வந்தது. டெமோ நடந்தது.

அந்தப் பெண் இப்போது வேறு ஊரில், வேறு கம்பெனியில் டீம் லீடர். போன வாரம் போன் செய்து, இதையெல்லாம் மேடையில் சொல்லலாமா என்று கேட்டேன்.

"தாராளமா சொல்லுங்க சார். ஆனா 'சால்டர் செய்தோம்'னு சொல்லாதீங்க. பத்தையும் செஞ்சது நான்."

ஆமாம், அவர்தான் செய்தார். நான் டார்ச் பிடித்தேன்.