சொல்லும் பொருளும்: ஆய்வு நிதி பற்றிய ஒரு வழக்கு



'பொருள்' என்னும் தமிழ்ச்சொல்லுக்கு இரண்டு வீடுகள் உண்டு. சொல்லின் உள்ளே இருப்பதும் பொருள். கருவூலத்தின் உள்ளே இருப்பதும் பொருள். பெரும்பாலும் இவ்விரண்டும் ஒன்றையொன்று காண்பதில்லை. அரசு அறிவியல் ஆய்வுக்கு நிதி வழங்கும் இடத்தில் இவை நேருக்கு நேர் நிற்கின்றன. ஆய்வாளர் ஒருவர் தாம் செய்ய விரும்புவதைச் சில பக்கங்களில் எழுதி அனுப்புகிறார். அச்சொற்களின் பொருளை உணர்ந்தோர் பொருள் தருகின்றனர். அதே சொற்களை வேறொருவர் வேறு பொருள்பட ஊரறியப் படித்துக் காட்டும்போது, வந்த பொருள் நின்றுபோகும் நிலை உண்டாகிறது. அமெரிக்க நாட்டில் அரை நூற்றாண்டாக நடந்துவரும் இவ்வழக்கினை அறிவியலாரின் தனிக்கவலை என்று பிறர் ஒதுக்கிவிடுவது இயல்பு. ஆயினும், அதன் வேர் சொல்லிலேயே இருக்கிறது. சொல்லைக் கருவியாகக் கொண்ட கவிஞர் அவையில் அதனை எடுத்துரைப்பது பொருத்தமேயாகும்.

இதன் தொடக்கத்தில் நிற்பவர் வில்லியம் பிராக்ஸ்மயர். விஸ்கான்சின் மாநிலத்தின் சார்பில் 1957 முதல் 1989 வரை அமெரிக்க செனட் அவையில் அமர்ந்திருந்தவர், ஜனநாயகக் கட்சியினர். அவரை அறிவுக்குப் பகைவர் என்று எளிதில் முடிவுகட்டிவிடக் கூடாது. 1976, 1982 ஆகிய இரு தேர்தல்களிலும் தம் பரப்புரைக்கு 200 டாலருக்கும் குறைவாகவே செலவிட்டு வென்றவர் அவர். இனப்படுகொலைக்கு எதிரான பன்னாட்டு உடன்படிக்கையை அமெரிக்கா ஏற்க வேண்டும் என்று 1967 முதல் 1986 வரை, அவை கூடிய நாள்தோறும் எழுந்து, 3,000க்கும் மேற்பட்ட உரைகள் ஆற்றியவரும் அவரே. மக்கள் பணத்தின் ஒவ்வொரு காசுக்கும் கணக்குக் கேட்பது தம் கடமை என்று உண்மையாகவே நம்பினார். அந்நம்பிக்கையில் பிழை காண இயலாது.

1975 மார்ச் மாதத்தில் அவர் ஒரு விருதினை ஏற்படுத்தினார். கிரேக்கப் புராணத்தில் ஜேசன் என்னும் வீரன் கடல் கடந்து தேடிச் சென்றது ஓர் ஆட்டின் பொன்மயிர்த் தோல். ஆங்கிலத்தில் 'பிளீஸ்' என்னும் அச்சொல்லே ஒருவரை ஏமாற்றிப் பணம் பறிப்பதையும் குறிக்கும். தமிழில் 'மொட்டையடித்தல்' என்று வழங்குவோம் அல்லவா, அதற்கு ஒப்பானது. இச்சிலேடையை வைத்து, அரசுப் பணத்தை வீணடிக்கும் துறைகளுக்குப் 'பொன்மயிர்த் தோல் விருது' வழங்கலானார். மாதந்தோறும் ஒன்றாக 1988 இறுதி வரை 168 விருதுகள் அறிவிக்கப்பெற்றன. படைத்துறை உள்ளிட்ட பல துறைகள் அவ்விருதுக்கு இலக்காயின.

முதல் விருது தேசிய அறிவியல் நிறுவனத்துக்குச் சென்றது. மனிதர் ஏன் காதல் கொள்கின்றனர் என்று ஆராய 84,000 டாலர் வழங்கியது அந்நிறுவனம் செய்த குற்றம். அவ்வாய்வினைச் செய்தவர்கள் எலன் பெர்ஷீட், அந்நாளில் எலைன் வால்ஸ்டர் என்று அறியப்பட்ட எலைன் ஹாட்ஃபீல்டு என்னும் இரு பெண் உளவியலாளர்கள். காதல் புதிராகவே இருக்கட்டும் என்பதே மக்கள் விருப்பம் என்றார் பிராக்ஸ்மயர். அதனை எலிசபெத் பாரட் பிரௌனிங் என்னும் கவிஞரிடமும் இர்விங் பெர்லின் என்னும் பாடலாசிரியரிடமும் விட்டுவிடுமாறு அறிவுறுத்தினார்.

இவ்விடத்தில் கவிஞர்கள் சற்று நின்று கருத வேண்டும். கவிஞர்கள் அறியாமைக்குச் சான்றாளர்களாக அழைக்கப்பட்டனர்; கவிதை இருக்கும்போது ஆய்வு எதற்கு என்பது வாதம். காதலை முதல், கரு, உரி என வகுத்து, அதற்கென இலக்கணமே கண்ட மொழியில் பயின்றோர் இவ்வாதத்தை ஏற்பது அரிது. காதலைப் பாடிய மரபும் அதனைப் பகுத்தாய்ந்த மரபும் இங்கு ஒரே வீட்டில் வளர்ந்தவை. அமெரிக்காவிலும் மறுகுரல் எழாமல் இல்லை. நியூயார்க் டைம்ஸ் இதழின் பத்தியாளர் ஜேம்ஸ் ரெஸ்டன், காதல், மணம், ஏமாற்றம், மணமுறிவு, அதன்பின் கைவிடப்படும் குழந்தைகள் என நீளும் தொடர்க்கு ஒரு சிறு விளக்கம் கிடைத்தாலும் அது மிகச் சிறந்த முதலீடு என எழுதினார். ஆயினும், எள்ளலின் வேகம் விளக்கத்துக்கு வாய்ப்பதில்லை. அப்பெண்களுக்கு வசைக் கடிதங்கள் வந்து குவிந்தன.

அடுத்த மாதமே வந்த மற்றொரு விருதுதான் நீதிமன்றம் ஏறியது. மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் இருந்த அரசு மனநல மருத்துவமனையில் ஆய்வு இயக்குநராகப் பணியாற்றியவர் ரொனால்டு ஹட்சின்சன். சினத்தை அளப்பது எவ்வாறு என்பது அவர் எடுத்துக்கொண்ட வினா. குரங்குகள் தாடையை இறுக்குவதைப் போன்ற, கண்ணால் கண்டு எண்ணத்தக்க குறிகளைக் கொண்டு சினத்தை அளக்க முயன்றார். அமெரிக்க விண்வெளி நிறுவனமும் கடற்படையும் இதில் நாட்டம் கொண்டமைக்குக் காரணம் உண்டு. விண்கலத்திலும் ஆழ்கடலிலும் குறுகிய இடத்தில் நெடுநாள் அடைபட்டிருக்கும் மனிதரிடையே எழக்கூடிய சிக்கல்களுக்குத் தீர்வு காண வேண்டியிருந்தது. தேசிய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து, ஏழாண்டுகளில் ஏறத்தாழ 5 இலட்சம் டாலர் இவ்வாய்வுக்குச் செலவாயிற்று.

பிராக்ஸ்மயரின் அறிக்கையில் மிஞ்சியது பல்லைக் கடிக்கும் குரங்கு மட்டுமே. குரங்குகளோடு வரி செலுத்துவோரும் பல்லைக் கடிக்க வேண்டிய செலவு இது என்னும் பொருள்பட அவர் எழுதினார். ஹட்சின்சன் பெயரும் அதில் இடம்பெற்றது. செனட் உரையாக ஆயத்தம் செய்யப்பட்ட அது, ஏறத்தாழ அதே வடிவில் செய்தித்துறையினர் 275 பேருக்கு அனுப்பப்பட்டது. பின்னர் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேருக்குச் சென்ற மடலிலும் இடம்பெற்றது.

1976இல் ஹட்சின்சன் 80 இலட்சம் டாலர் இழப்பீடு கோரி அவதூறு வழக்குத் தொடுத்தார். மாவட்ட நீதிமன்றமும் மேல்முறையீட்டு நீதிமன்றமும் செனட்டர் பக்கமே நின்றன. வழக்கு உச்ச நீதிமன்றத்தை அடைந்தபோது இரண்டு வினாக்கள் எழுந்தன. அவை உறுப்பினர் அவையில் பேசியதற்காக வேறெங்கும் கேள்வி கேட்கப்படலாகாது என்கிறது அமெரிக்க அரசியலமைப்பு. அரசனின் சினத்திலிருந்து மக்கள் பேராளரைக் காக்க, 1689ஆம் ஆண்டு இங்கிலாந்தின் உரிமைச் சட்டம் வழங்கிய காப்பு அது. அக்காப்பு அவைக்கு வெளியே அனுப்பும் மடலுக்கும் பொருந்துமா என்பது முதல் வினா. அரசுப் பணம் பெற்றதனாலேயே ஓர் ஆய்வாளர் பொதுவாழ்வினர் ஆகிவிடுவாரா என்பது இரண்டாம் வினா. பொதுவாழ்வினர் எனின் அவதூற்றை மெய்ப்பிப்பது அவர்க்கு மிகக் கடினம்.

1979 ஜூன் 26 அன்று தலைமை நீதிபதி வாரன் பர்கர் தீர்ப்பினை எழுதினார். எட்டு நீதிபதிகள் ஒருபுறம், ஒருவர் மறுபுறம். அவையில் பேசும் பேச்சுக்குக் காப்பு உண்டு. செய்திக்குறிப்புக்கும் மடலுக்கும் இல்லை. அவை சட்டமியற்றும் பணிக்கு இன்றியமையாதன அல்ல என்பது தீர்ப்பு. அரசு நிதி பெற்றவர் அனைவரும் பொதுவாழ்வினர் ஆகார் என்றும் அது கூறிற்று. ஒருவரைத் தாமே பழித்துப் பேசி ஊரறியச் செய்துவிட்டு, 'இவர் ஊரறிந்தவர் அல்லரோ' என்று அதனையே தமக்கு அரணாக்கிக்கொள்ள இயலாது என்பது அத்தீர்ப்பின் நுட்பமான பகுதி. மாறுபட்ட நீதிபதி வில்லியம் பிரென்னன், வீண் செலவைச் சுட்டிக்காட்டுவது மக்கள் பேராளரின் பணியே என்று கருதினார். அக்கருத்தினையும் புறந்தள்ளுவதற்கில்லை.

வழக்கு மேலும் நடவாமல் 1980இல் இருதரப்பும் உடன்பாட்டுக்கு வந்தன. பிராக்ஸ்மயர் தம் கைப்பணத்திலிருந்து 10,000 டாலர் கொடுத்துத் தம் கூற்றுகளுக்கு விளக்கமும் அளித்தார். அவருடைய வழக்குச் செலவாகிய ஒரு இலட்சம் டாலருக்கு மேற்பட்ட தொகையைச் செனட் அவை செலுத்தியது. வீண் செலவைத் தடுக்கப் பிறந்த விருது மக்கள் பணத்துக்கே செலவு வைத்தது என்பதில் நகைப்பதற்கும் இடமுண்டு.

ஆனால் இத்தீர்ப்பு எதனைத் தந்தது, எதனைத் தரவில்லை என்று பிரித்தறிதல் வேண்டும். அது காத்தது ஆய்வாளரின் பெயரை. ஆய்வுக்குரிய பணத்தைப் பற்றி அது ஒரு சொல்லும் கூறவில்லை. நிதியை வழங்குவதும் நிறுத்துவதும் சட்டமன்றத்தின் கையிலேயே இருந்தன. தொலை விண்மீன்களிலிருந்து அறிவுடைய உயிர்களின் வானொலிக் குறிகள் வருகின்றனவா எனத் தேடும் விண்வெளி நிறுவனத் திட்டத்துக்கு 1978இல் பிராக்ஸ்மயர் தம் விருதினை அளித்தார். 1981இல் அதற்கான நிதியையே நிறுத்தினார். அதற்கு எதிராக எந்த நீதிமன்றத்துக்கும் எவராலும் செல்ல இயலவில்லை. வானியலாளர் கார்ல் சாகன் அவரை நேரில் சந்தித்துத் திட்டத்தின் நோக்கத்தை விளக்கினார். பிராக்ஸ்மயர் தம் எதிர்ப்பைக் கைவிட்டார். 1983இல் நிதி மீண்டது. வழக்கு செய்யாததை விளக்கம் செய்தது. ஆயினும் அவ்விளக்கம் ஒருவர் செவிக்கே எட்டியிருந்தது. ரிச்சர்டு பிரையன் என்னும் வேறொரு செனட்டரின் முயற்சியால் 1993இல் அத்திட்டத்துக்கான அரசு நிதி மீண்டும் நின்றது.

நகை என்னும் மெய்ப்பாடு பிறக்கும் களங்கள் நான்கனுள் எள்ளலை முதலாவதாக வைக்கிறது தொல்காப்பியம். பேதைமையும் மடனும் அப்பட்டியலில் உள்ளன. எள்ளி நகைப்பவர் பேதைமை எதிராளியிடம் இருப்பதாக எண்ணுகிறார். சில வேளைகளில் அது நகைப்பவரிடமே இருந்துவிடுகிறது. கால்நடைகளின் புண்ணில் முட்டையிட்டு, உயிருள்ள தசையைத் தின்னும் புழுவாகப் பெருகும் ஓர் ஈயின் இணைசேரும் வழக்கத்தை எட்வர்டு நிப்ளிங், ரேமண்டு புஷ்லண்டு என்னும் இருவர் அமெரிக்க வேளாண் துறையில் ஆராய்ந்தனர். ஈயின் இல்லறத்தை ஆராய அரசுப் பணமா என்று எவரும் நகைக்கலாம். பெண் ஈ வாழ்நாளில் ஒருமுறையே இணைசேரும் என்பதே அவர்களுக்குக் கிடைத்த திறவுகோல். ஆண் ஈக்களைக் கதிர்வீச்சினால் மலடாக்கிப் பறக்கவிட்டனர். 1954இல் கரீபியன் கடலின் குராசாவ் தீவில் அவ்வீ அற்றுப்போயிற்று; பின்னர் அமெரிக்காவின் பெரும்பரப்பும் அதனிடமிருந்து விடுபட்டது. இவ்விருவருக்கும் 1992இல் உலக உணவுப் பரிசு வழங்கப்பெற்றது. இத்தகைய ஆய்வுகளைப் போற்றுவதற்கென்றே 2012இல் 'பொன் வாத்து விருது' தோன்றியது. எள்ளலுக்கு விடையாக அமைந்த அவ்விருது 2016இல் இவ்விருவரையும் நினைவுகூர்ந்தது.

எனினும், பயன் விளைந்த ஆய்வுகளை மட்டும் காட்டி வழக்கினை வென்றுவிட முடியாது. பயன் தராத ஆய்வுகளும் பல உள. எது பயன் தரும் என்று முன்கூட்டி அறிய இயலுமாயின் ஆய்வே தேவையில்லை. ஆதலால் கேட்கத்தக்க வினா, 'இது பயன் தருமா' என்பதன்று. 'இதனைப் படித்துப் பார்த்தீரா' என்பதே.

இவ்வினாவின் கூர்மை அண்மையில் மேலும் மிகுந்துள்ளது. பிராக்ஸ்மயர் தலைப்பினையேனும் படித்தார். 2024 அக்டோபரில் செனட்டர் டெட் குரூஸ் தரப்பு வெளியிட்ட அறிக்கை, தேசிய அறிவியல் நிறுவனத்தின் 3,400க்கும் மேற்பட்ட மானியங்களைக் குறைகூறியது. மொத்தத் தொகை 200 கோடி டாலருக்கு மேல். குறித்த சில சொற்களைக் கணினியில் தேடியே அம்மானியங்கள் பிரிக்கப்பட்டிருந்தன. செடிகளின் பல்வகைப் பெருக்கத்தைக் குறித்த சொல்லும் மனித சமுதாயக் கொள்கையைக் குறித்த சொல்லாகக் கொள்ளப்பட்டதைச் செய்தியாளர்கள் சுட்டிக்காட்டினர். இடம் நோக்காது பொருள் கொள்ளுதல் எத்தகைய பிழை என்பதை உரையாசிரியர்களைப் பயின்றோர் அறிவர்.

2025இல் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் வழங்கிய மானியங்கள் பல இடையில் நிறுத்தப்பட்டபோது வழக்குகள் எழுந்தன. மாசசூசெட்ஸ் மாவட்ட நீதிபதி வில்லியம் யங் 2025 ஜூன் 16 அன்று அந்நிறுத்தம் சட்டத்துக்குப் புறம்பானது என்றார். ஆகஸ்டு 21 அன்று உச்ச நீதிமன்றம், ஐவர்க்கு நால்வர் என்ற அளவில், பணத்தைப் பற்றிய கோரிக்கை அவர் மன்றத்துக்கு உரியதன்று, அரசின் மீதான பணக் கோரிக்கைகளை விசாரிக்கும் தனி மன்றத்துக்கு உரியது என்று கருதி அவ்வாணையின் அப்பகுதியை நிறுத்திவைத்தது. நிறுத்தத்துக்கு அடிப்படையான வழிகாட்டு நெறிகளைச் செல்லாதனவாக்கிய பகுதியில் அது தலையிடவில்லை. கருத்தின் நெறி ஒரு வாயிலிலும் பணம் மற்றொரு வாயிலிலும் முறையிட வேண்டியவாயின. சொல்லும் பொருளும் நீதிமன்றத்திலும் பிரிந்தே நின்றன.

மக்கள் பணம் பெறுவோர் மக்களுக்கு விடைகூறக் கடமைப்பட்டவர். அக்கடமையை அறிவியலார் பலகாலம் புறக்கணித்தனர். தம் குழூஉக்குறிகளுக்குள் ஒடுங்கியிருந்தனர். விளக்கம் இல்லாத இடத்தில் எள்ளல் குடியேறியது. அதே வேளையில், ஒரு வரியில் பிறர் உழைப்பைச் சிரிப்பாக்கும் ஆற்றல் கொண்டோர் அவ்வரிக்கு முன்னர் முழுப் பக்கத்தையும் படித்திருத்தல் வேண்டும். ஒரு வரியின் வலிமையைக் கவிஞரைவிட நன்கறிந்தவர் எவர்? சாகன் ஒருவருக்குச் செய்த விளக்கத்தைப் பலர்க்குச் செய்ய, அறிவியலைத் தெளிந்த தமிழில் எடுத்துரைக்கும் எழுத்து வேண்டும். பத்தாண்டு நிறைந்த இவ்விலக்கிய வட்டம் மேற்கொள்ளத்தக்க பணிகளுள் அதுவும் ஒன்று. காதலைக் கவிஞரிடம் விட்டுவிடுக என்றார் அந்தச் செனட்டர். கவிஞர்கள் அவருக்குக் கூறத்தக்க விடை, ஆய்வாளரையும் உடன் அழைத்து வருக என்பதே.