சுணை: உடம்பின் சொல்லும் உள்ளத்தின் சொல்லும்
(வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

25 ஆண்டுகளாக நம் சங்கம் மாலை வகுப்புகள் நடத்தி வருகின்றது. ஆங்கில வகுப்பில் மாணவர்கள் அடிக்கடி எழுப்பும் வினா ஒன்று உண்டு. உடம்பில் தைப்பதற்கும் எரிவதற்கும் நமைப்பதற்கும் அம்மொழியில் ஸ்டிங், பிரிக், ஸ்மார்ட், டிங்கிள் என்று எத்தனையோ சொற்கள் உள்ளன. "வலிக்கு ஒரு சொல் போதாதா? இத்தனையையும் ஏன் படிக்க வேண்டும்?" என்று கேட்கின்றனர். அதற்கு விடை கூறுவதே இன்று எங்கள் நோக்கம்.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இத்திருமுக்கூடலில், வேங்கடேசப் பெருமாள் கோயிற் சுவரில், வீரராசேந்திர சோழன் காலத்து 11-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை ஒன்றும், வேதமும் இலக்கணமும் கற்பித்த பள்ளி ஒன்றும் இங்கு இருந்தமையை அது கூறுகின்றது. மருத்துவனுக்கும் அறுவை செய்வோனுக்கும் பணிப்பெண்களுக்கும் அளந்த நெல்லும், சேமித்து வைத்த மருந்துகளின் பெயர்களும் அதில் உண்டு. எழுத்தறிந்தோர் தம் நோயையும் மருந்தையும் கல்லிலே பொறித்துக் கொண்டனர். சேற்றில் இறங்கி நாற்று நட்ட நம் முன்னோரின் வலி அக்கல்லில் ஏறவில்லை. அது வாய்ச்சொல்லாக மட்டுமே நின்றது.

ஆயினும் அவ்வாய்ச்சொற்கள் எத்துணை நுட்பமானவை! கட்டெறும்பு கடித்தால் 'சுருக்' என்றது. தேள் கடிக்கவில்லை, 'கொட்டியது'. மிளகாய் அரைத்த கை 'எரிந்தது'. வெட்டுக்காயத்தில் வியர்வையின் உப்புப் பட்டால் 'காந்தியது'. வேலியோரத்துச் செந்தட்டி பட்டால் 'அரித்தது'. ஒன்றன் இடத்தில் மற்றொன்றைப் போட்டு எந்தப் பாட்டியும் பேசியதில்லை.

அவர்கள் அறிந்ததை அறிவியலும் பின்னர்க் கண்டது. டேவிட் ஜூலியஸ் என்னும் அமெரிக்க அறிவியலாளரும் அவர் குழுவினரும், மிளகாயின் காரத்தை உணர்கின்ற நரம்பு வாயிலை 1997-இல் கண்டறிந்தனர். நெருப்பின் சூட்டை உணர்வதும் அதே வாயில்தான். தொடுவுணர்ச்சியை ஆராய்ந்த மற்றோர் அறிஞருடன் 2021-இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டார். தீ சுட்டாலும் மிளகாய் பட்டாலும் 'எரிகிறது' என்று ஒரே சொல்லால் கூறிய நம் தாய்மார்கள் பிழையாகக் கூறவில்லை.

இனி, உடம்பின் சொல் உள்ளத்தின் சொல்லாக மாறுவதைக் காண்போம். காரம் நாவில் உறைக்கின்றது. பெரியவர் கூறிய சொல் நெஞ்சில் உறைக்கின்றது. கண்ணில் விழுந்த தூசி உறுத்துகின்றது; செய்த தவறும் உறுத்துகின்றது. ஆங்கிலத்திலும் இவ்வாறே. செந்தட்டியைப் போலச் சுடும் செடி ஒன்றுக்கு 'நெட்டில்' என்று பெயர். ஒருவனைச் சினமூட்டுவதற்கும் அதுவே வினைச்சொல். தன் குற்றத்துக்கு வருந்துவதைக் குறிக்கும் 'ரிமோர்ஸ்' என்னும் சொல், மீண்டும் மீண்டும் கடித்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லின் வழிவந்தது. ஆறாத மனக்குறையைக் குறிக்கும் 'ரான்கிள்' புரையோடிய புண்ணிலிருந்து பிறந்தது. 'ஸ்மார்ட்' என்பதோ முதலில் சுரீரென்ற வலியையே குறித்தது. பின்னரே கூர்மை, சுறுசுறுப்பு, அறிவுத்திறன் என்று பொருள் விரிந்து, இன்று உங்கள் சட்டைப்பையிலுள்ள கைப்பேசி வரை வந்து சேர்ந்திருக்கின்றது.

எங்களை மிகவும் சிந்திக்க வைத்த சொல், நம் களத்துமேட்டுச் சொல்லான 'சுணை'. நெற்கதிரிலும் வைக்கோலிலும் உள்ள நுண்ணிய முள்ளுக்குச் சுணை என்று பெயர். அறுவடை நாளில் கழுத்திலும் முழங்கையிலும் ஒட்டிக்கொண்டு உறங்கவிடாமல் செய்வது அது. மானவுணர்ச்சிக்கும் அதுவே பெயர்! 'சூடு சுணை இல்லாதவன்' என்று ஒருவனை ஏசுவதன் பொருள், பட்டதை உணராத தோலை உடையவன் என்பதே.

நாங்கள் பள்ளியிற் படித்த நாளில், உதவித்தொகை பெறுவோர் மட்டும் எழுந்து நிற்குமாறு வகுப்பறையில் ஆணை பிறக்கும். எழுந்து நிற்போம். காது சுடும், கழுத்தில் சுணை பட்டாற்போல் இருக்கும், மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பது முதுகில் தைக்கும். வீட்டிற்கு வந்து, "வெட்கமாக இருந்தது" என்போம். அதற்கு மேல் சொல்ல எங்களுக்குச் சொல் இல்லை. பல ஆண்டுகள் சென்ற பின்னரே, நாங்கள் தேர்ந்தெடுத்த சொல் தவறு என்று உணர்ந்தோம். வெட்கம் குற்றம் செய்தவனுக்கு உரியது. நாங்கள் என்ன குற்றம் செய்தோம்? தகாத முறையில் நடத்தப்பட்டவனுக்கு எழும் சினத்தை ஆங்கிலத்தில் 'இண்டிக்னேஷன்' என்பர். தகுதியின்மை என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லே அதன் வேர். அன்று எங்கள் காதைச் சுட்டது அதுதான்.

தொல்காப்பியர் உள்ளத்து உணர்ச்சி உடம்பில் தோன்றுவதை மெய்ப்பாடு என்றார். இளிவரலையும் வெகுளியையும் வேறு வேறாக வைத்தார். இளிவரல் மூப்பாலும் பிணியாலும் வருத்தத்தாலும் மென்மையாலும் தோன்றும் என்றார். பிறப்பு அந்த நான்கனுள் இல்லை! பெருமிதத்திற்கு அவர் கூறிய காரணங்களுள் கல்வியே முதலாவது. நம் சங்கத்தின் நோக்கமும் அதுவேயன்றோ?

இதற்கு நம் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தின் மைந்தரே சான்று. கோழியாளத்திற் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், கோயம்புத்தூரில் மாணவராக இருந்தபோது, தம் சாதி வெளிப்பட்டுவிடுமோ என்று அஞ்சிப் பிற மாணவருடன் பழகாது ஒதுங்கி இருந்ததைத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார். அந்த மாணவரே வளர்ந்து, 1893-இல் தாம் தொடங்கிய இதழுக்குப் 'பறையன்' என்று பெயரிட்டார். எந்தச் சொல் தைத்ததோ அதையே முகப்பில் நிறுத்தினார். எம். சி. இராசாவோ, அப்பெயரை நீக்கி ஆதிதிராவிடர் என வழங்க வேண்டும் என்று சென்னைச் சட்டமன்றத்தில் போராடி, 1922-இல் அரசாணை பெற்றார். வழிகள் இரண்டு, ஆயினும் சுணை ஒன்றே. 1930-இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் சீனிவாசன் அமர்ந்தபோது, அஞ்சிய மாணவரின் வலி உலகறிந்த கோரிக்கையாயிற்று.

இளைஞர்களே, தைக்கிறதே என்று அஞ்ச வேண்டா. மரத்துப்போவதற்கே அஞ்ச வேண்டும். செங்கற்பட்டை அடுத்த திருமணியில் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. அந்நோயில் விரல்கள் சிதைவதற்குப் பெரிதும் காரணம் என்ன? நரம்பு கெட்டு உணர்ச்சி அற்றுப்போகின்றது. சுட்டாலும் வெட்டினாலும் வலிப்பதில்லை. வலிக்காத காயத்தை யாரும் காப்பதில்லை; அது புண்ணாகி விரலைத் தின்கின்றது. அவமதிப்பும் அத்தகையதே. தனிக்குவளையில் தரப்பட்ட தேநீரை, "பழகிவிட்டது" என்று பருகும் நாளில்தான் நாம் விரலை இழக்கத் தொடங்குகின்றோம்.

சுணை இருந்தால் மட்டும் போதாது, சொல்லும் வேண்டும். 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில், இழிவுபடுத்தும் நோக்கத்துடன், வேண்டுமென்றே அவமதிப்பதைக் குற்றம் என்கின்றது. "என்னைத் திட்டினார்" என்று மட்டும் எழுதிய மனு அங்கு வலுப்பெறாது. எவ்விடத்தில், எவர் முன்னிலையில், என்ன சொற்களால் என்று பிரித்து எழுத வேண்டும். கடித்ததா, கொட்டியதா என்று தெளிவாகக் கூறினால்தானே மருத்துவர் தக்க மருந்து தருவார்?

ஆகவே ஆங்கிலச் சொற்களைப் படியுங்கள். பாட்டியின் சொற்களையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இனி ஒருமுறை உங்கள் காது சுடுமானால், அவசரப்பட்டு அதற்கு வெட்கம் என்று பெயரிடாதீர்கள். சற்று நின்று, சரியான சொல்லைத் தேடி, அதைத் தாளில் எழுதுங்கள். அவ்வாறு எழுதும் கைகளை இவ்வூரில் உண்டாக்கவே நம் சங்கம் 25 ஆண்டுகளாக விளக்கேற்றி வருகின்றது. அவ்விளக்கு மேலும் பல்லாண்டு சுடர்க என வாழ்த்தி அமைகின்றோம்.