கைப்பேசியும் அந்தரங்கமும்

(இஷா தொழுகைக்குப் பின் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நம் பழவேற்காட்டுப் பள்ளிவாசலில் ஒரு நிழற்கடிகாரம் இருப்பதை அறிவீர்கள். வெளியூரிலிருந்து வருவோர் அதைப் படமெடுத்துச் செல்கின்றனர். நம்மில் எத்தனை பேருக்கு அதன் நிழலைப் பார்த்து வக்து சொல்லத் தெரியும் என்பது வேறு விஷயம். அக்கடிகாரம் நேரத்தை அறிவிக்கும். பார்ப்பவன் யார், எங்கிருந்து வந்தான் என்று கேட்காது. இன்று நாம் வக்து அறியக் கைப்பேசியை எடுக்கிறோம். அது கேட்கிறது.

கேட்டதை என்ன செய்கிறது? சிங்கப்பூர் நிறுவனம் ஒன்று வெளியிட்ட ‘முஸ்லிம் புரோ’ என்னும் செயலியைத் தொழுகை நேரத்திற்காகவும் கிப்லாவிற்காகவும் 9 கோடிக்கும் அதிகமான முறை மக்கள் தரவிறக்கம் செய்திருந்தனர். பயனாளர்களின் இருப்பிட விவரங்கள் அதிலிருந்து ‘எக்ஸ்-மோட்’ என்னும் தரவு வணிக நிறுவனத்திற்குச் சென்றன. அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுள் அமெரிக்க இராணுவத்தோடு தொடர்புடைய ஒப்பந்தக்காரர்களும் இருந்தனர். 2020 நவம்பரில் ‘மதர்போர்டு’ இதழ் இதை வெளிக்கொணர்ந்தது. இராணுவத்திற்கு நேரடியாக விற்கவில்லை என மறுத்த செயலி நிறுவனம், எக்ஸ்-மோடுடனான உறவை முறித்துக்கொள்வதாக அறிவித்தது. 2024 ஜனவரியில் அமெரிக்க மத்திய வணிக ஆணையம், வழிபாட்டுத் தலங்கள், மருத்துவமனைகள் போன்றவற்றைக் காட்டிக்கொடுக்கும் இருப்பிட விவரங்களை எக்ஸ்-மோடும் அதன் வழிவந்த நிறுவனமும் விற்கக்கூடாதெனத் தடை விதித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் போனது போனதுதான்.

“என் இருப்பிடம் தெரிந்தால் என்ன நஷ்டம்? நான் கள்வனா?” என்று சில சகோதரர்கள் கேட்கின்றனர். ஏரியில் வலையிடுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு படகு ஒரு நாள் எங்கே நின்றது என்பதை அறிந்தவனுக்கு ஒன்றும் கிடைக்காது. பத்து நாள் அதைப் பின்தொடர்ந்தவனுக்கு இறால் படும் இடம் தெரிந்துவிடும்; எந்நேரம் புறப்படுவார், யாரிடம் சரக்குக் கொடுப்பார் என்பதும் தெரிந்துவிடும். கைப்பேசி நிற்கும் இடங்களும் அவ்வாறே. இரவில் நிற்குமிடம் வீடு, பகலில் நிற்குமிடம் தொழில், வெள்ளிக்கிழமை நண்பகலில் நிற்குமிடம் பள்ளிவாசல். இதில் பெயர் எழுதப்படுவதில்லை. விளம்பரத்திற்கென ஓர் அடையாள எண் மட்டுமே உண்டு. ஆயினும் அந்த வீட்டில் உறங்கி இந்தக் கடையில் அமர்பவர் ஊரில் எத்தனை பேர்?

பிறர் குறையைத் துருவாதீர்கள் என்று ‘அல்ஹுஜுராத்’ அத்தியாயத்தின் 12ஆம் வசனம் தடுக்கிறது. அனுமதி பெற்று, ஸலாம் கூறாமல் பிறர் வீட்டினுள் நுழையலாகாது என்கிறது ‘அந்நூர்’ 27ஆம் வசனம். உமர் (ரலி) அவர்கள் ஓர் இரவு ஒரு வீட்டில் முறையற்ற ஓசை கேட்டுச் சுவரேறிக் குதித்த சம்பவம் நூல்களில் பதிவாகியுள்ளது. பிடிபட்ட மனிதர், தாம் செய்தது ஒரு தவறென்றும், கலீஃபா செய்தவை மூன்றென்றும் கூறினார்: துருவினீர்கள், வாசல் வழியே வரவில்லை, அனுமதியும் ஸலாமும் இல்லை. உமர் (ரலி) அவர்கள் அவரை விட்டுத் திரும்பிவிட்டார்கள். கையில் ஆட்சி இருந்தவருக்கே அந்நிலை என்றால், விளம்பரம் விற்பவருக்கு நம் சுவரில் ஏற என்ன உரிமை?

இனி, நானே பட்டது. மகனின் போதைப் பழக்கத்தால் மனமுடைந்த ஒரு தந்தை இரவில் என்னிடம் வந்தார். சிகிச்சை எங்குண்டு என்று என் கைப்பேசியில் தேடிக்கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து, மதரஸா கட்டட வேலையின் படங்களைப் பெரியவர் ஒருவருக்குக் காட்ட ஓர் இணையப் பக்கத்தைத் திறந்தேன். படங்களுக்கு மேலேயே போதை மீட்பு இல்லத்தின் விளம்பரம்! “ஹஜ்ரத், இது யாருக்கு?” என்றார். நான் வாய் திறக்கவில்லை. ஆனால் அந்தத் தந்தை என் வீட்டுப் படியேறியதை அவர் பார்த்திருந்தார். என்னிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என் கையிலிருந்தே நழுவியது. நாம் திறக்கும் பக்கங்கள் ‘குக்கி’ எனப்படும் சிறு குறிப்பை நம் கருவியில் இட்டு வைப்பதையும், அடுத்த பக்கத்தில் அதைக் கொண்டு நம்மை அடையாளம் காண்பதையும் பிறகே கற்றுக்கொண்டேன். அச்சகோதரரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

நாட்டின் சட்டமும் நமக்குத் துணை நிற்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமையென 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. எனினும் சட்டம் வரும்வரை வாசலைத் திறந்தே வைத்திருக்க வேண்டியதில்லை.

செயலி இருப்பிடம் கேட்டால் மறுத்துவிட்டு, ஊர்ப் பெயரைத் தேர்ந்தெடுங்கள். தொழுகை நேரம் அதிலேயே வந்துவிடும். கிப்லா மேற்கிலிருந்து சற்றே வடக்காக இருக்கிறது. அது இடம் மாறப்போவதில்லை. ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அமைப்புகளில் விளம்பர அடையாள எண்ணை அழித்துவிடலாம். ஐபோனில் பின்தொடர வேண்டாமெனச் சொல்லும் வசதி 2021 முதல் உண்டு. பிறருக்காகத் தேடும்போது மறைநிலைச் சாளரத்தைத் திறந்து தேடி, முடிந்ததும் மூடிவிடுங்கள். அது எல்லாக் கண்களையும் மறைக்காது. எனக்கு நேர்ந்ததைப் பெருமளவு தடுக்கும்.

நாளை முதல் ஒரு வாரம், மஃக்ரிபிற்கும் இஷாவிற்கும் இடையே, கல்லூரி மாணவர் இருவர் பள்ளியின் முன்தாழ்வாரத்தில் அமர்ந்திருப்பார்கள். கைப்பேசியுடன் வாருங்கள். அதை அவர்கள் கையில் வாங்கக்கூடாதென்றும், உங்கள் விரலாலேயே மாற்றச் சொல்லித் தரவேண்டுமென்றும் கூறியிருக்கிறேன்.